எம்மா தாம்சன்: பீரியட் படங்களில் அவருக்கு ஏன் இத்தனை பெயர்?

வந்திருக்கும் கேள்வி இது: "ஹாரி பாட்டரில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஜோசிய டீச்சராகத்தான் எனக்கு எம்மா தாம்சனைத் தெரியும். பழைய கால இங்கிலாந்துக் கதைகளில் அவருக்கு நிகர் இல்லை என்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்? எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

முதலில் சுருக்கமான பதில். 1992 முதல் 1995 வரை நான்கே வருடங்களில் அவர் நடித்த மூன்று படங்கள்தான் அந்தப் பெயருக்குக் காரணம்: 'ஹோவர்ட்ஸ் எண்ட்', 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே', 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. முதல் படத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர். மூன்றாவது படத்துக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர். நடிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக ஆஸ்கர் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் விருதுக் கணக்கைச் சொன்னால் மட்டும் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் என்ன செய்தார் என்பதைக் காட்சிகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து இது: எம்மா தாம்சன் அடிப்படையில் ஒரு நகைச்சுவை நடிகை. சட்டென்று பதில் தோன்றும் மூளையும், அதைச் சரியான நொடியில் சொல்லும் நாக்கும் உள்ளவர். அப்படிப்பட்ட ஒருவரைப் பெண்கள் வாய் திறக்கக் கூடாத காலத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதெல்லாம் தோன்றுகிறது, சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் அவருடைய நடிப்பு முழுக்க நடக்கிறது. கவுனும் தொப்பியும் யார் போட்டாலும் பொருந்திவிடும். உள்ளே ஓடும் எண்ணம் முகத்தில் தெரிய வேண்டும், ஆனால் எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. இதை அவர் அளவுக்குச் செய்தவர்கள் குறைவு.

1959-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா எரிக் தாம்சன் நடிகர், இயக்குநர். 'தி மேஜிக் ரவுண்டபவுட்' என்ற பிரெஞ்சு பொம்மைத் தொடரை பிபிசிக்காக ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். மூல வசனத்தை மொழிபெயர்க்காமல், ஓடும் படத்தைப் பார்த்துத் தானே புதுக்கதை எழுதிக் குரலும் கொடுத்தார். அம்மா ஃபிலிடா லா, ஸ்காட்லாந்து நடிகை. தங்கை சோஃபியும் நடிகைதான். ஜேன் ஆஸ்டனின் நாவலை வைத்து 1996-இல் வந்த 'எம்மா' படத்தில் வாயாடி மிஸ் பேட்ஸாக சோஃபியும், அவளுடைய வயதான தாயாக ஃபிலிடாவும் நடித்தார்கள். ஜேன் ஆஸ்டன் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர் மாதிரி.

கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். அங்கே ஃபுட்லைட்ஸ் என்ற நாடகக் குழு, சிரிப்பு நடிகர்களுக்குத் தாய்வீடு. ஹியூ லாரி, ஸ்டீஃபன் ஃப்ரை எல்லாரும் அவருடைய செட். 1981-இல் அந்தக் குழு எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கான முதல் பெரியர் விருதை வாங்கியது. பிறகு லண்டன் மேடையில் 'மீ அண்ட் மை கேர்ல்' இசை நாடகம். 1987-இல் பிபிசியின் 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்' தொடர். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் ருமேனியாவின் புக்காரெஸ்ட்டுக்குக் கல்யாணமாகிப் போய்ச் சேரும் ஹேரியட் என்ற பெண்ணாக நடித்தார். கணவனாக வந்தவர் கென்னத் பிரானா. நிஜத்திலும் 1989-இல் இருவரும் மணந்துகொண்டார்கள், சில வருடங்களில் பிரிந்தார்கள். அந்தத் தொடருக்கும், அதே 1987-இல் வந்த 'டூட்டி ஃப்ரூட்டி' தொடருக்கும் சேர்த்து பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

1988-இல் அவரே எழுதி நடித்த 'தாம்சன்' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. விமர்சகர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அந்தத் தோல்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இப்போது 'ஹோவர்ட்ஸ் எண்ட்'. இ. எம். ஃபார்ஸ்டர் 1910-இல் எழுதிய நாவல். இயக்கம் ஜேம்ஸ் ஐவரி, தயாரிப்பு மும்பையில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சண்ட், திரைக்கதை டெல்லியில் பல காலம் வாழ்ந்த ரூத் பிராவர் ஜாப்வாலா. இந்த மூவர் கூட்டணி பெரிய ஸ்டுடியோக்கள் செலவழிப்பதில் சிறு பகுதியை வைத்துக்கொண்டு படம் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். மெர்ச்சண்ட் படப்பிடிப்பில் தானே சமைத்து எல்லாருக்கும் பரிமாறுவார் என்பது ஊரறிந்த கதை. மார்கரெட் ஷ்லெகல் பாத்திரத்தை எம்மா தானாகத் தேடிப் போனார். ஐவரிக்குக் கடிதம் எழுதி, நடித்துக் காட்டி வாங்கினார்.

மார்கரெட் படித்தவள், நிறையப் பேசுபவள், கையில் ஓரளவு பணமுள்ளவள். சாகும் தறுவாயில் திருமதி வில்காக்ஸ் தன் வீட்டை மார்கரெட்டுக்கு என்று பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைக்கிறார். குடும்பத்தார் கூடி உட்கார்ந்து அதை நெருப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சீட்டைப் பற்றி எதுவுமே தெரியாமல் மார்கரெட், இறந்தவரின் கணவரான ஹென்றி வில்காக்ஸை மணக்கிறாள். ஹென்றியாக ஆண்டனி ஹாப்கின்ஸ்.

அவர் கல்யாணம் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற சாக்கில் மாடிப்படியில் வைத்துக் கேட்கிறார். வியாபாரி, காதல் பேசிப் பழக்கமில்லை, வார்த்தை தடுக்குகிறது. அவர் பாதி சொல்லும்போதே மார்கரெட்டுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. புரிந்ததைக் காட்டினால் அவர் கூச்சப்படுவார், காட்டாவிட்டால் குழம்பிப்போவார். அந்த இரண்டுக்கும் நடுவில் எம்மாவின் முகம் போகிற போக்கைப் பாருங்கள். வசனம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அவரைத் தர்மசங்கடத்திலிருந்து கைதூக்கி விடுகிற கனிவு மட்டும்தான் இருக்கிறது.

கடைசிப் பகுதியில் இதே மார்கரெட் வெடிக்கிறாள். ஹென்றிக்கு முன்பு ஒரு கள்ளத்தொடர்பு இருந்தது, அவள் மன்னித்தாள். இப்போது கல்யாணமாகாமல் கர்ப்பமாகி வந்திருக்கும் அவள் தங்கை ஒரே ஒரு இரவு அந்த வீட்டில் தங்கக் கேட்கிறாள், ஹென்றி முடியாது என்கிறார். நீங்கள் செய்தால் மன்னிப்பு, என் தங்கை செய்தால் வெளியே போ என்பதா என்று கேட்கும் இடம். இரண்டு மணி நேரம் எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த பெண் என்பதால்தான் அந்தக் கோபம் அப்படித் தைக்கிறது. முதலிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்திருந்தால் அதற்குப் பலம் இருந்திருக்காது. ஆஸ்கர் அந்தக் காட்சிக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த வருடமே அதே குழு, அதே ஹாப்கின்ஸ், 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே'. கஸுவோ இஷிகுரோவின் புக்கர் பரிசு பெற்ற நாவல். 1930-களில் ஒரு பிரபுவின் மாளிகையில் தலைமை பட்லர் ஸ்டீவன்ஸ், வீட்டு நிர்வாகி மிஸ் கென்டன். பட்லருக்குத் தன் வேலைதான் உயிர். அவர் எஜமான் ஹிட்லரின் ஆட்களோடு கைகோர்ப்பதைக்கூடக் கேள்வி கேட்காத விசுவாசம். மிஸ் கென்டனுக்கு அவர்மேல் பிரியம். அவருக்கும் அவள்மேல் இருக்கிறது. ஆனால் அதை ஒரு தடவைகூட அவர் வெளியே விடமாட்டார்.

இதில் புத்தகக் காட்சி என்று ஒன்று இருக்கிறது. நான் பார்த்த பீரியட் படங்களிலேயே இதற்கு மேல் ஒரு காதல் காட்சி இல்லை. ஸ்டீவன்ஸ் தன் அறையில் தனியாக உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருக்கிறார். அவள் பூச்சாடியோடு உள்ளே வருகிறாள். என்ன புத்தகம் என்று கேட்கிறாள். அவர் காட்டமாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மூலைக்கு ஒதுங்குகிறார். அவள் விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கிறாள், அசிங்கமான புத்தகமா, எனக்கு அதிர்ச்சியாகிவிடும் என்று பயமா என்று சீண்டுகிறாள். நெருங்க நெருங்க விளையாட்டு காணாமல் போகிறது. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறாள். அவர் அசையவே இல்லை, கண் மட்டும் அவள் முகத்திலேயே நிற்கிறது. கடைசியில் பார்த்தால் அது சாதாரண பழைய காதல் கதை. அவ்வளவுதான். தொட்டது விரலை மட்டும். எம்மாவின் குரல் அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் கேலியிலிருந்து கிசுகிசுப்பாக இறங்கும் விதம், நகைச்சுவை மேடையில் கற்றுக்கொண்ட நேரக்கணக்கு இல்லாமல் வராது.

வேறொருவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டு அவள் அறையில் அழுதுகொண்டிருக்கும்போது ஸ்டீவன்ஸ் உள்ளே வந்து, காலை உணவு அறைக்கு வெளியே உள்ள மாடத்தில் தூசி தட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்டு நிமிரும் முகத்தில் கோபம் இல்லை. இனி எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிற தெளிவுதான் இருக்கிறது. படம் எட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்று ஒன்றுகூட வாங்கவில்லை. அதே வருடம் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' படத்துக்காகத் துணை நடிகைப் பிரிவிலும் எம்மாவின் பெயர் இருந்தது. இரண்டு பிரிவு, இரண்டிலும் தோல்வி. புத்தகக் காட்சிக்கு ஓர் ஆஸ்கரும் இல்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 1811-இல் வந்த ஜேன் ஆஸ்டன் நாவல். நம் ஊரில் ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்த எல்லாருக்கும் கதை தெரியும். தபு நடித்த சௌம்யாதான் இங்கே அக்கா எலினார், ஐஸ்வர்யா ராயின் மீனாட்சிதான் தங்கை மேரியான், மம்முட்டியின் பாலாதான் மேரியானை விரும்பும் கர்னல் பிராண்டன். அப்பா இறந்ததும் வீடு கைவிட்டுப் போய், அம்மாவும் பெண்களும் நடுத்தெருவுக்கு வரும் கதை.

மேலே சொன்ன தோற்றுப்போன நகைச்சுவைத் தொடர் நினைவிருக்கிறதா? அதில் பழைய கால உடையில் சில துணுக்குகள் இருந்தன. லிண்ட்சே டோரன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் அவற்றைப் பார்த்தார். இந்த நாவலைப் படமாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிரிக்கவும் வைக்க வேண்டும், அந்தக் காலத்து மொழியும் வர வேண்டும், அப்படி எழுத ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு முழு நீளத் திரைக்கதைகூட எழுதாத எம்மாவிடம் வேலையைக் கொடுத்தார். நடிப்புக்கு நடுவே வருடக்கணக்கில் வரைவுமேல் வரைவாக எழுதினார். ஒருமுறை கணினி மொத்தக் கோப்பையும் புரியாத எழுத்துகளாக மாற்றிவிட, பழைய நண்பர் ஸ்டீஃபன் ஃப்ரை பல மணி நேரம் போராடி மீட்டுக் கொடுத்தார். இன்னொரு நண்பர் ஹியூ லாரி படத்தில் சிடுமூஞ்சி மிஸ்டர் பாமராக வருவார். கொஞ்ச நேரமே வந்தாலும் மறக்க முடியாத ஆள்.

எழுத்தாளராக அவர் என்ன செய்தார் என்பதற்குத் தொடக்கக் காட்சி போதும். சாகும் தந்தை தன் மகனிடம், மாற்றாந்தாய்க்கும் அவள் பெண்களுக்கும் உதவி செய் என்று கேட்டுச் சாகிறார். மகன் 3,000 பவுண்டு கொடுப்பதாக முடிவு செய்கிறான். அவன் மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். 3,000 பாதியாகிறது. பிறகு வருடத்துக்கு 100 ஆகிறது. பிறகு எப்போதாவது 20. அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் பணமே இல்லை, அவ்வப்போது ஏதாவது ஒத்தாசை என்று ஆகிவிடுகிறது. இது நாவலில் இருக்கும் உரையாடல்தான். எம்மா அதைப் பயணத்தின் துண்டுகளாக வெட்டிப் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே வைத்துவிட்டார். வருடத்துக்கு 500 பவுண்டில் நான்கு பெண்கள் பிழைக்க வேண்டும் என்பது படம் தொடங்கும்போதே பார்ப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காதலும் சோற்றுப் பிரச்சினையும்கூட. இதை விட்டுவிட்டு நடனத்தையும் தோட்டத்தையும் மட்டும் காட்டும் ஆஸ்டன் படங்கள் எனக்கு ஒட்டுவதில்லை.

குதிரையில் போய்க்கொண்டே, எலினார் விரும்பும் எட்வர்டும் எலினாரும் பேசும் காட்சியும் அப்படித்தான். உனக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை, நம் இருவர் நிலையும் ஒன்றுதான் என்கிறான் அவன். நீங்கள் சொத்தை வாரிசாகப் பெறுவீர்கள், எங்களால் சம்பாதிக்கக்கூட முடியாது என்று அவள் மெதுவாகத் திருத்துகிறாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை. நாவலின் சாரம் மொத்தமும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

நாவலில் எட்வர்டும் பிராண்டனும் பல பக்கங்களுக்குக் காணாமல் போய்விடுவார்கள். படத்தில் அப்படி விட முடியாது, பார்ப்பவர்களும் அவர்களை விரும்ப வேண்டும். அதற்காகக் கடைக்குட்டி மார்கரெட்டைப் பெரிதாக்கினார். அவள் நூலக மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்க, எட்வர்டும் எலினாரும் நைல் நதி எங்கே தொடங்குகிறது என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசி அவளை வெளியே வரவழைக்கும் காட்சியைப் பாருங்கள். எலினாருக்கு அவன்மேல் ஏன் பிடித்தம் வந்தது என்பதை இனி யாரும் விளக்க வேண்டாம். மேரியான் நோயில் கிடக்கும்போது, அவளைக் காதலித்துக் கைவிட்ட வில்லோபி இரவில் வந்து எலினாரிடம் மன்னிப்புக் கேட்பது நாவலில் பெரிய காட்சி. படத்தில் அது இல்லை. நாவலை நேசிப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவன் அங்கே வந்திருந்தால் பிராண்டனுக்கு இடம் இருந்திருக்காது, அதனால் எம்மா செய்தது சரி என்பேன்.

வயது பற்றி ஒரு குறை அப்போதே சொன்னார்கள். நாவலில் எலினாருக்கு 19, எம்மாவுக்கு 36. படத்தில் எலினாரை 27 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது பலமாகத்தான் படுகிறது. நாவலிலேயே மேரியான், 27 வயதான பெண் இனிக் காதலை எதிர்பார்க்கவே முடியாது என்று சொல்வாள். அந்த வயதில் எலினாரை வைத்ததும் அவளுக்கு எட்வர்ட் கடைசி வாய்ப்பாகிவிடுகிறான்.

இயக்குநர் தைவான்காரர் ஆங் லீ. அதுவரை சீனக் குடும்பக் கதைகள் எடுத்தவர். ஆங்கில நாவலை ஏன் அவரிடம் கொடுத்தார்கள் என்று பலர் கேட்டார்கள். அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளைகள், கடமைக்கும் ஆசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் என்று அவர் எடுத்த படங்கள் அனைத்தும் இதே விஷயம்தான். படப்பிடிப்பின் தொடக்க நாளில் ஊதுவத்தி, பழங்கள் வைத்துப் பூஜை போட்டார். எம்மாவிடம் வயதானவள் மாதிரித் தெரியாதே என்று பட்டவர்த்தனமாகச் சொல்வாராம். படப்பிடிப்பு நாட்குறிப்பில் எம்மா இதையெல்லாம் எழுதியிருக்கிறார். மேரியானாக நடித்த கேட் வின்ஸ்லெட்டுக்கு அப்போது 19 வயது.

இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறேன். எட்வர்டுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயமாகியிருப்பது எலினாருக்குப் பல மாதங்களாகத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு உணர்ச்சியே இல்லையா என்று மேரியான் கேட்கும்போது, என் மனதைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்கிறாள். கேட்ட வேகத்திலேயே குரலை அடக்கிக்கொள்கிறாள். அடுத்து, முடிவில் எட்வர்ட் வந்து தனக்குக் கல்யாணமாகவில்லை, ஆனது தன் தம்பிக்குத்தான் என்று சொல்லும் இடம். எலினாரிடமிருந்து ஒரு கேவல் வெடித்து வருகிறது. அழகான அழுகையே இல்லை. மூச்சு முட்டி, சத்தமாக, அவளாலேயே நிறுத்த முடியாமல் வருகிறது. அம்மாவும் தங்கைகளும் திகைத்து அறையை விட்டு வெளியேறுகிறார்கள். பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. இரண்டையும் ஒரே நொடியில் கொண்டுவர நகைச்சுவை நடிகையால்தான் முடியும்.

படத்துக்கு பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடி, எம்மாவுக்கு பாஃப்டா, ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள். வாங்கியது அவருடைய திரைக்கதை மட்டும். வில்லோபியாக நடித்த கிரெக் வைஸை 2003-இல் மணந்துகொண்டார்.

அதே 1995-இல் வந்த 'கேரிங்டன்' பலருக்குத் தெரியாது. ஓவியர் டோரா கேரிங்டன், தன்பால் ஈர்ப்புள்ள எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சியை வாழ்நாள் முழுக்க நேசித்த உண்மைக் கதை. ஓர் இரவில் அவள் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து, வெளிச்சமான ஜன்னல்கள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ஜோடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி ஒன்று போதும், படத்தைத் தேடிப் பார்க்க. ஸ்ட்ரேச்சியாக நடித்த ஜோனதன் பிரைஸுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் இந்த வகைப் படங்களில் தங்கிவிடவில்லை. 'நானி மெக்ஃபீ' படங்களைக் குழந்தைகளுக்காக எழுதி நடித்தார். 2005-இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வசனங்களில் பெயர் போடாமல் உதவினார். 2013-இல் 'சேவிங் மிஸ்டர் பேங்க்ஸ்' படத்தில் மேரி பாப்பின்ஸை எழுதிய பி. எல். டிராவர்ஸாக நடித்தது பிந்தைய காலத்தில் அவருடைய சிறந்த வேலை. டிஸ்னியோடு நடந்த பேச்சுவார்த்தைகளை ஒலிநாடாவில் பதிவு செய்தே தீர வேண்டும் என்று டிராவர்ஸ் அடம்பிடித்தார், அந்த அசல் ஒலிநாடாவைப் படத்தின் முடிவில் கேட்கலாம். எம்மா எவ்வளவு கிட்டே போயிருக்கிறார் என்பது அங்கே தெரியும். 2014-இன் 'எஃபி கிரே' அவர் திரைக்கதை. விக்டோரியா காலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் மனைவியின் கதை. விஷயம் கனமானது, படம் கொஞ்சம் உறைந்துபோய்விட்டது. 2018-இல் பிரிட்டிஷ் அரசின் 'டேம்' கௌரவப் பட்டம் கிடைத்தது. அதே வருடம் 'கிங் லியர்' தொலைக்காட்சிப் படத்தில் ஹாப்கின்ஸின் மூத்த மகளாக மறுபடி அவரோடு நடித்தார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? வெளிவந்த வரிசையில் போகாதீர்கள். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' முதலில். கதை பழக்கமானது, வேகமாகப் போகும், சிரிப்பும் உண்டு. இரண்டே கால் மணி நேரம்தான். ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், பாதி விஷயம் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவதால் தவறவிட வாய்ப்பு அதிகம். அடுத்து 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே'. இதை ஓர் இரவில், போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். 'ஹோவர்ட்ஸ் எண்ட்' மூன்றாவதாக இருக்கட்டும். அதில் மூன்று குடும்பங்கள், நிறைய மனிதர்கள், வர்க்கம் பற்றிய நுணுக்கங்கள். முதல் படமாகப் பார்த்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதிலேயே அரைமணி நேரம் போய்விடும்.

2008-இல் வந்த 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் கதைக்கு 1981-இன் பதினோரு பகுதித் தொலைக்காட்சித் தொடர்தான் சரி. எம்மா லேடி மார்ச்மெயினாக வரும் காட்சிகள் மட்டும் கையில் கிடைத்தால் பாருங்கள். மற்ற படங்களில் அடக்குமுறையை அனுபவித்த அதே முகம், இதில் பிள்ளைகளை அடக்கி வைக்கும் தாயாக வருகிறது.